அஞ்சு கட்டையிலிருந்து ரெண்டரை

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. பௌர்ணமி வேறு, கிரிவலக் கூட்டம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பருக்கு இந்த ஒரு நாள் ஒரு மாசத்துக்குச் சமம். ஸ்பெஷல் பஸ் எத்தனை விட்டேன் என்று நினைவில்லை. மைக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. விழுப்புரம் வண்டி எது என்று மூன்றாவது தடவை கேட்ட ஒரு பெரியவரிடம் எரிந்து விழுந்தேன். பாவம்.

வீட்டுக்கு வந்தால் கீழ்பென்னாத்தூர் மச்சான். கலாவின் அண்ணன். தட்டு, பழம், பத்திரிகை. மகள் பிரியாவுக்கு 29 கல்யாணம். 28 சாயங்காலம் ரிசப்ஷன்.

"மாப்ள, ஆர்கெஸ்ட்ரா சொல்லியாச்சி. கலா பாடிக்கிட்டிருந்த அதே குரூப்புதான். ஆனா அந்த ஒரு பாட்ட மட்டும் அத்ததான் பாடணும்னு பொண்ணு ஒத்தக்கால்ல நிக்குது."

கலா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "தொண்ட சரியில்லண்ணா. பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து எட்டு மாசம். அதற்கு முன் பதினைந்து வருஷம் மேடையில் பாடினவள். குரல் நரம்பு நல்லாயிருக்கு என்று டாக்டர் சொன்னார். பேச்சு வந்துவிட்டது. மேல் சுரம் மட்டும் வரவில்லை. எட்டு மாசமாக ஒரு வரி பாடவில்லை, அடுப்படியில்கூட. எனக்கு இந்த அமைதி பிடிக்கவில்லை. அவளிடம் சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன்.

கால் வீக்கம். வெந்நீர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வாங்க: கலா மாத்திரை, கேஸ் ட்யூப், கிட்டார் ரெண்டாவது கம்பி.

கிட்டார் மகனுடையது. நாலு மாசம் டொய்ங் டொய்ங் என்று தட்டிவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரு வருஷமாக நான் தட்டுகிறேன். தெரிந்தது நாலு கார்டு, அதாவது கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற நாலு பிடி: ஜி, சி, டி, இ மைனர். கலாவின் பாட்டுக்கு அந்த நாலும் போதும். அவள் பாடுவது அஞ்சு கட்டை சுதியில். கிட்டாரில் அதுதான் ஜி.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். "பாடேன், யாரு கேக்கப் போறாங்க."

பாடினாள். முதல் வரி வந்தது. ரெண்டாவது வரியில் மேலே போகிற இடத்தில் உடைந்தது. சிரித்தாள். "ஓட்ட குக்கரு விசிலு மாதிரி இருக்குது." எழுந்து போய், காலையிலேயே கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினாள்.

"சுதிய எறக்கிக்கினா?" என்றேன்.

"எறக்கிப் பாடறதுக்குப் பாடாமயே இருக்கலாம்."

கிட்டார் பையில் ஒரு கேப்போ இருந்தது. கிட்டார் கழுத்தில் கவ்வ வைக்கிற கிளிப். சுதி மாற்றத்தான் என்று மகன் சொன்ன ஞாபகம். மாட்டினேன், ஏறியது. நகர்த்தினேன், இன்னும் ஏறியது. அரை மணி நேரம் இறக்கப் பார்த்தேன். பிறகு மகனுக்கு போன். "அப்பா, அது ஏத்த மட்டுந்தான் செய்யும்" என்கிறான். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

ட்யூட்டி ஆறிலிருந்து ரெண்டு. சாப்பிட்டது பன், டீ.

செங்கம் ரோட்டில், காபி கடை மாடியில் கிட்டார் சொல்லித்தருகிறார்கள் என்று கண்டக்டர் ஒருவர் சொன்னார். போனேன். வாத்தியார் என்று நினைத்துப் போனால் ஒரு பெண். நிவேதா. வேலூர். இருபத்தைந்து வயசு இருந்தால் ஜாஸ்தி. எனக்கு முன்னால் ரெண்டு வெள்ளைக்காரர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். நான் காக்கிச் சட்டையில். தெரிந்த நாலையும் வாசித்துக் காட்டினேன்.

"சார், அந்த நாலு கார்டு ஏன் எப்பவும் ஒண்ணாவே வருதுன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"ஒரு சுதிலருந்து இன்னொரு சுதிக்கு மாத்தத் தெரியுமா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

வட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தாள். சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ். கடிகாரம் மாதிரி பன்னிரண்டு நிறுத்தம். உச்சியில் சி. அங்கிருந்து வலப்பக்கமாக ஜி, டி, ஏ, இ... ஒவ்வொன்றும் முன்னதற்கு ஐந்தாவது சுரம். பன்னிரண்டு தாண்டினால் மறுபடி சி-யிலேயே வந்து நிற்கும்.

எனக்கு மண்டையில் ஏறவில்லை. வீட்டில் காலண்டர் தாள் பின்பக்கம் வரைந்துகொண்டிருந்தேன். கலா எட்டிப் பார்த்தாள். "இதுக்கா மண்டைய ஒடச்சிக்கிறீங்க. ச-லருந்து ப. அந்த ப-வையே புது ச-ன்னு வெச்சிக்கினு மறுபடியும் ப. அவ்ளோதான்." எதற்கு வரைகிறேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு கிடையாது, ஆனால் ட்யூட்டி மத்தியானம்தான். கலா வேலை பார்க்கிற அங்கன்வாடியில் கொடி ஏற்றம். நாற்காலி தூக்கிப் போட நானும் போனேன். போன வருஷம் அவள்தான் பாடினாள். இந்த வருஷம் செல்போனில் பாட்டைப் போட்டு மைக்கை அதன் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு குட்டிப் பெண் அவள் புடவையை இழுத்து, "டீச்சர், நீ பாடு." இவள் மிட்டாய் கொடுத்து வாயை அடைத்தாள்.

வீட்டில் துணி காயப் போடும்போது அவளையறியாமல் முனகினாள். அதே பாட்டு! மொட்டைமாடிப் படியில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். போனில் சுதி பார்க்கிற ஆப்பைத் திறந்து நீட்டினேன். பாட்டு வந்து முடிகிற சுரத்துக்கு இ ஃப்ளாட் என்று காட்டியது. நம் கணக்கில் ரெண்டரை கட்டை. இப்போது அவள் குரல் தானாகப் போய் உட்காருகிற இடம் அது.

திருடன் மாதிரி இறங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தாச்சு. வெயில் குறையவில்லை.

ரெண்டாவது கிளாஸ். மானம் போனது.

நாலு நாளாக வட்டத்தை மனப்பாடம் பண்ணியிருந்தேன். பஸ் ஸ்டாண்டில், குளிக்கும்போது, தூங்குமுன். நிவேதா கேட்டாள், "சி பக்கத்துல நிக்கிற ரெண்டு பேரும் யாரு?" ஜி என்று உடனே சொன்னேன். இன்னொன்றுக்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனேன். ஜி, டி, ஏ, இ, பி... பதினொரு நிறுத்தம் சுற்றி எஃப்-க்கு வந்து சேர்ந்தேன்.

"சார், ஏன் ஊரெல்லாம் சுத்துறீங்க? சி-லருந்து இடப்பக்கம் ஒரே அடி. எஃப்."

"இடமா சுத்தக் கூடாதும்மா."

வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது. வெள்ளைக்காரர்களுக்கு வேறு விளக்கிச் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து மலையை வலமாகத்தான் சுற்றியிருக்கிறேன். வட்டம் என்று ஒன்றைப் பார்த்தால் கால் தானாக அந்தப் பக்கம்தான் திரும்பும். எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

"இது மலை இல்ல சார். இதுல ரெண்டு பக்கமும் போவலாம். பாட்டு வீடு திரும்புறதே பாதிநேரம் இடப்பக்கமாத்தான்."

திரும்பி வரும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தேன். களைப்பு, கொஞ்சம் வெட்கம்.

ஆகஸ்ட் 20, புதன்

புரிந்தது, எழுதி வைக்கிறேன், மறந்துவிடும்.

1. ஒரு சுதி, அதன் இடப்பக்கத்துக்காரர், வலப்பக்கத்துக்காரர். இந்த மூன்றும் ஒரு குடும்பம். மைனர் ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.
2. சுதி மாறினால் குடும்பத்தோடு குடி மாற வேண்டும். ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டுப் போனால் அபஸ்வரம்.
3. கலா பாட்டு ஜி குடும்பம். இடப்பக்கம் ஒரு அடி வைத்து சி குடும்பத்துக்கு இறங்கணும். அது ரொம்பக் கீழே. அங்கிருந்து கேப்போ போட்டுக் கிட்டார் கழுத்தில் மூன்று கட்டம் ஏறணும். நிற்கிற இடம் இ ஃப்ளாட். ரெண்டரை!

கேப்போ ஏற்றத்தான் செய்யும் என்று திட்டினேன். முதலில் நாம் இறங்கிக்கொண்டால் அது ஏற்றுவதும் நல்லதுக்குத்தான்.

ஆனால் சி குடும்பத்தில் எஃப் என்று ஒரு சனியன். ஒற்றை விரலால் ஆறு கம்பியையும் அழுத்தணும். டைம் ஆபீஸில் மரஸ்கேலைக் கிட்டார் கழுத்தாகப் பிடித்து அழுத்திப் பழகினேன். போளூர் வண்டி டிரைவர் பார்த்துவிட்டு, "இன்னா சார், கையில வாய்வா?" ஆமாம் என்றேன். பொய் சொல்வது சுலபம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செய்தது தப்பு.

சாயங்காலம் மழை. கரண்ட் இல்லை. நல்ல நேரம் என்று நினைத்தேன். கேப்போவை மூன்றில் மாட்டி, எதுவும் சொல்லாமல் அவள் பாட்டை ஆரம்பித்தேன். இருட்டில் கேப்போ தெரியாது என்று ஒரு கெட்டிக்காரத்தனம். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாடினாள். ரெண்டாவது வரி மேலே போனது, உடையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஃப் தப்பியது, சமாளித்தேன். சரணத்தில் கீழே இறங்குகிற வரி மட்டும் காற்றாகத்தான் வந்தது. மேலே கிடைத்தால் கீழே போகிறது. பரவாயில்லை.

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன எறக்கினீங்க?"

கேப்போவைக் கழற்றினேன்.

"பதினஞ்சு வருசம் பாடனவ. மொத தட்டுலயே தெரிஞ்சிது. ரெண்டர கட்ட. இதுதான் வரும்னு ஒங்களுக்கு எப்டித் தெரியும்?"

சொன்னேன். மாடிப்படி, போன், ஆப்பு, எல்லாம்.

"எனக்கே தெரியாம ஒளிஞ்சிருந்து அளந்தீங்களா?" குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஆசுபத்திரிலயும் இப்டித்தான். என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஒங்களத் தனியாக் கூப்ட்டுச் சொல்லுவாங்க. நீங்களும் அதே மாதிரியா? எறக்கறதுன்னா நான் சொல்லி எறக்கணும். நீங்களா எறக்கக் கூடாது."

உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கரண்ட் வந்தது. ஃபேன் மட்டும் சுற்றியது.

அவள் சொன்னது சரி. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்குப் பிடிக்காத அந்த அமைதிக்கு நான் மருந்து தேடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பேச்சு இல்லை. தோசை, சட்னி, பேச்சு இல்லை. மாத்திரை போட்டியா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள்.

கிளாஸுக்குப் போகவில்லை. நிவேதாவுக்கு உடம்பு சரியில்லை என்று மெசேஜ். பதிலுக்கு அவள், "எஃப் பழகுங்க சார்."

அலுப்பாக இருக்கிறது. எதற்கு இந்த வயசில் இந்த வட்டமும் சதுரமும்? கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. சுண்டல், கொழுக்கட்டை. பூரணம் கம்மி, மாவு ஜாஸ்தி. சொல்லவில்லை.

பிரியா போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் கேட்டது. "அத்தே, நீ மேடைக்கு வந்து சும்மா நின்னாக்கூடப் போதும் அத்தே." கலா, "மொதல்ல நீ நேரத்துக்குத் தூங்குடி, மூஞ்சி வீங்கிக் கெடக்கப் போவுது."

போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல்: "நாளைக்குக் கிட்டார எடுத்துக்குங்க. பாடறேன்னு சொல்லல."

"சரி."

"எடுத்துக்குங்கன்னுதான் சொன்னேன்."

"சரின்னுதான் சொன்னேன்."

ஜி-யிலும் ஒரு தடவை, சி-யில் கேப்போ போட்டும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அவள் எதைக் கேட்கிறாளோ அது. நானாக எதுவும் முடிவு பண்ணப்போவதில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

லீவு கேட்டு வாங்கினது பாதி நாள். பஸ்ஸில் கிட்டாருக்கு ஒரு சீட்டு, எனக்கு நிற்க இடம். கண்டக்டர் தெரிந்தவர், சிரித்தார்.

கீழ்பென்னாத்தூர் மண்டபம். வேர்வை, பிரியாணி வாசனை, ஸ்பீக்கர் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற மோகன் கலாவைப் பார்த்ததும் மைக்கிலேயே, "எங்க கலாக்கா வந்துட்டாங்க!" கைதட்டல். அவள் முகம் செத்துவிட்டது. இழுத்துக்கொண்டு போகாத குறையாக மேடை ஏற்றினார்கள். நான் பின்னாலேயே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். கேப்போ சட்டைப் பையில். மாட்டவில்லை.

மோகன் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு, மைக்கில்: "எப்பவும் போல அஞ்சு கட்டதானக்கா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. கலா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். பிரியா மாலையோடு முன்னால் சாய்ந்து பார்க்கிறாள். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அவள் முகத்தைப் பார்த்தால் அதுவே ஒரு பதிலாகிவிடும் என்று பயம்.

"இல்ல மோகன்" என்றாள். மைக்கில்தான். "ஆபரேசனுக்கு அப்புறம் அது வரல. இப்ப ரெண்டர. கீபோர்டு வேணாம், இவரு வாசிப்பாரு."

ஒரு குழந்தை அழுதது. கேப்போவை எடுத்து மூன்றில் மாட்டினேன். அவள் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"இன்னும் அர எறக்குங்க. பயமா கீது."

ஒரு கட்டம் நகர்த்தினேன். பாடினாள். எஃப் ரெண்டு இடத்தில் செத்தது. சரணத்தில் அந்தக் கீழ்வரி ரொம்பவே கீழே போய்விட்டது, மண்டபத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.