பிரேக் பிடிக்காத பஸ்ஸும் என் நாற்காலியும்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட ஒரு படி மேலேயே நல்லா இருக்கணும். குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோவைப் பார்த்து அப்பா நாள் பூரா சிரிச்சார். அவருக்கு முட்டிவலி தேவலை, சமையலறை இப்போ முழுக்க அவர் ராஜ்ஜியம், உப்பு மட்டும் இன்னும் அவர் கைக்கு அடங்கலை.

போன்ல நீ அழுத அழுகையில எதையும் முழுசாச் சொல்ல முடியலை, அதான் எழுதறேன். அறுபது வயசுல இந்த வம்பு எதுக்கும்மா, ராஜினாமா பண்ணிட்டு இங்கே வந்துடுன்னு சொன்னே. நடந்ததை முழுசாக் கேளு, அப்புறம் சொல்லு. டிவியில விளம்பரப் பிரிவுக்குத் தலைவியா இருந்தவளை முதலாளி கூப்பிட்டு, மூச்சு இழுத்துக்கிட்டு இருந்த அவரோட வார இதழுக்கு ஆசிரியராக்கி, ரெண்டு வருஷத்துல நிமிர்த்திக் காட்டுங்கன்னார். நான் போனப்போ நிருபருங்க ஆறு பேரும் ஏசியில உட்கார்ந்து அடுத்தவன் செய்தியைத் திருப்பி எழுதிக்கிட்டு இருந்தாங்க. வாரத்துல மூணு நாள் ஆபீஸ்ல ஒருத்தர் தலையும் தெரியக் கூடாதுன்னேன். எனக்கு 'வெயில் மேடம்'னு பேர் வச்சாங்க. வச்சுட்டுப் போகட்டும், ஒரே வருஷத்துல கடைக்காரங்க கூடுதல் கட்டு கேட்டாங்களே!

அப்படி வெயில்ல அலைஞ்ச ஒரு நிருபர் பொண்ணுதான் இதைக் கொண்டு வந்தா. பதினாலு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஒரே நாள்ல தகுதிச் சான்றிதழ், அதுவும் ஞாயித்துக்கிழமை, போக்குவரத்து ஆபீஸே பூட்டிக் கிடந்த நாள். இறக்கத்துல பிரேக்கை மிதிச்சா கடவுளைத்தான் கூப்பிடணும்னு ஒரு டிரைவரே அவகிட்ட சொல்லியிருக்கார். பஸ்ஸெல்லாம் யாருதுன்னு தோண்டினா, நம்ம முதலாளியோட மச்சினருது! முதலாளி என்னைக் கூப்பிட்டு, இது வேண்டாம், நம்ம வீட்டு விஷயம்னார். அதுல போறது ஊரார் வீட்டுப் பிள்ளைங்க சார்னேன். விளம்பரமெல்லாம் போயிடும்னு பயமுறுத்தினார், முப்பது வருஷம் விளம்பரம் பிடிச்சவகிட்டயே! போன விளம்பரத்தைப் பிடிச்சுட்டு வர எனக்குத் தெரியும், போன உசிரை யார் பிடிச்சுட்டு வர்றதுன்னு கேட்டேன். உன்கிட்ட பொய் சொல்லக் கூடாது, பயந்துதான் போனேன், வெளியே வந்து ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படிச்சேன். ஆனா எதை அச்சடிக்கணும்ங்கறது என் முடிவுன்னு வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கி வச்சிருந்தேன். அட்டைப்படமாவே போட்டேன்.

மச்சினர் ஆள் விட்டுக் கடை கடையா இதழை அள்ளினார், நாங்க மறுபடி அச்சடிச்சோம். என் அறையைப் பிடுங்கி வேற பிரிவுக்குக் கொடுத்துட்டாங்க. நாற்காலியைத் தள்ளிக்கிட்டே போய் நிருபருங்க நடுவுல உட்கார்ந்துட்டேன், அங்கேதான் காத்து நல்லா வருது. பத்தாம் நாள் அதிகாரிங்க பஸ்ஸை ஓட்டிப் பார்த்தாங்க, பதினாலுல பதினொண்ணுக்குப் பிரேக் சரியில்லைன்னு நிறுத்திட்டாங்க, சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டவர் சஸ்பெண்ட். ரெண்டு பெரிய விளம்பரம் போனது போனதுதான், அதையும் மறைக்கலை. நேத்து முதலாளியே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த வாரம் யாரைப் பத்தின்னு மெதுவாக் கேட்டார். வியாழக்கிழமை கடையில வாங்கிப் படிங்க சார்னேன். நிருபர் பொண்ணு சிரிப்பை அடக்க முடியாம மேஜைக்கடியில எதையோ தேடினா. அவர் எழுந்து, ஸ்டூலை எடுத்த இடத்துலேயே வச்சுட்டுப் போயிட்டார்.

இன்னும் பத்து மாசம் ஒப்பந்தம் இருக்கு கண்ணு, ஒரு நாள்கூட முன்னாடி இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம, யாருக்கும் தலை குனியாம நூறு வருஷம் இருக்கணும். குளிர்ல குட்டிக்குக் காதை மூடி அனுப்பு. முக்கியமா ஒண்ணு, உன் சிநேகிதிங்ககிட்ட எங்கம்மா பாவம்னு சொல்லிக்கிட்டுத் திரியாதே. பாவப்பட வேண்டியவங்க இங்கே வேற ஆள் இருக்காங்க.

இப்படிக்கு,
வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருக்கிற
உன் அம்மா