யன்னல் பக்கத்து இருக்கை

அச்சுவேலி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் கஜானனுக்கு,

நான் சுகம். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை போனது, பிறகுதான் அப்பா இல்லை என்று நினைவு வந்தது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உதயகலா அக்கா என்னோடுதான் நிற்கிறாள். அவளுடைய மகன் சிவதர்ஷன் உன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. நீயோ, செத்த வீட்டுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கட்டாயம் வந்து கீரிமலையில் நானே கிரியை செய்வேன், பலாலிக்கே டிக்கெட் போடுகிறேன் என்று நேற்று அக்காவிடம் சொன்னாயாம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன், போனில் என்றால் நீ குறுக்கே கதைப்பாய்.

பலாலி உனக்கு விமான நிலையம், அப்பாவுக்கு அது வீடும் தோட்டமுமாய் இருந்த வளவு. வெள்ளைக்காரன் சண்டைக்காலத்தில் விமானம் இறக்கவென்று உன் பூட்டனின் தோட்டத்தை எடுத்தான், பிறகு வந்தவர்கள் பெருப்பிக்க வேண்டும் என்று அப்பப்பாவின் பங்கில் பாதியை எடுத்தார்கள், தொண்ணூறில் நாங்கள் உடுத்த உடுப்போடு ஓடியபின் மிச்சமும் ஆமிக்காரரின் வேலிக்குள் போய்விட்டது. அக்கம்பக்கத்துக் காணிகளை விட்டார்கள், எங்களுடையதை விடவில்லை. சர்வதேச விமான நிலையம் என்று திறந்து சென்னைக்கு விமானம் விட்டபோது ஊர் கொண்டாடியது, அப்பா மட்டும் கொதித்தார். காசு குடுத்தால் ஆரும் என்ரை வளவிலை இறங்கலாம், நான் மட்டும் கால் வைக்கேலாதாம் எண்டார். உள்ளே புல் வெட்டப் போகும் ஜெயதீபன், உங்கடை கிணத்துக்கட்டு ஓடுபாதை முடியிற அந்தலையிலை அப்பிடியே நிக்குது ஐயா எண்டு சொன்னதிலிருந்து மனிசனுக்கு ஒரே ஆசை, விமானத்திலிருந்தாவது அதை ஒருக்கால் பார்த்துவிட்டுச் சாக வேண்டும்.

நீ மைத்துனிக்குக் கல்யாணக் கூறை எடுக்கச் சென்னைக்கு வந்து எங்களையும் கூப்பிட்டாய், அது நல்ல காரியம், நான் இல்லையென்று சொல்லவில்லை. போகும்போது அப்பா கிணறு தெரியாத மற்றப் பக்கம் இருந்துவிட்டார். திரும்பும்போது நீயும் எங்களோடு பலாலிக்கு வந்தாய், இடப்பக்கத்து யன்னல் வேண்டும் என்று உன்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், நீயும் கேட்டு எடுத்தாய். எடுத்துப்போட்டு நீயே அதில் இருந்தாய்! நான் பின்வரிசையில் இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விமானம் பதிந்து வரும்போது அந்த மனிசன் கழுத்தை நீட்டி, மோனை கொஞ்சம் விலத்தடா எண்டு கெஞ்சினார். நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொறுங்கோ அப்பா, நான் எடுத்துப்போட்டுக் காட்டுறன் எண்டாய். சக்கரம் நிலத்தில் முட்டியது, எல்லாம் முடிந்தது.

எடுத்த வீடியோவில் என்ன இருந்தது? உன் முகம். பூட்டன் மண்ணில் இறங்குகிறேன் என்று எழுதி உலகத்துக்கெல்லாம் போட்டாய், கனபேர் லைக் பண்ணினார்களாம், நல்லது. நீ போனபிறகு அப்பா அக்காவின் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உன் காதுக்குப் பின்னால் கிணறு தெரிகிறதா என்று ஒவ்வொரு நாளும் தேடினார். கடைசி நாளும் அதைத்தான் போடச் சொன்னார். உவன் ஒருக்காத் தலையை விலத்தமாட்டானே எண்டார், அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அப்பா கடைசியாக என்னைக் கேட்டவரோ என்று நீ அக்காவிடம் அழுதாயாம். ஓம், உன்னைத்தான் கேட்டார்.

அதனால் நீ மினக்கெட்டு வர வேண்டாம். கொள்ளி வைத்த பிள்ளையே அந்தியேட்டியும் செய்யட்டும், ஐயரிடமும் சொல்லிவிட்டேன். அக்காவைப் பிடித்து என் மனதை மாற்றலாம் என்று நினையாதே, அவளும் அந்தக் கட்டிலடியில் நின்றவள்தான். பிரஷர்க் குளிசையை மறவாமல் போடு. உன் பிள்ளைகள் உன்னைப்போல இராமல் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். கிரியையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் கொஞ்சம் பொறு ராசா, ஜெயதீபனிடம் சொல்லி எடுத்துப்போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தம்பிராசா குணலட்சுமி