எந்த அண்ணா?

மெர்சிக்கு,

உனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று நீ வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிய அன்று, கவரைப்பேட்டை ஸ்டேஷனில், "அந்தச் சீன சீரியல முழுசா பாத்துட்டு எப்டிக்கீதுன்னு சொல்லுண்ணா" என்றாய். பார்த்துவிட்டேன்.

கொலையைத் துப்பறியும் இடமெல்லாம் அபாரம். அரண்மனையும் உடுப்பும் கண்ணை எடுக்க விடவில்லை. காதல்தான் ஒரே இழுவை. அதிலும் தமிழ் டப்பிங்கில் கதாநாயகி கதாநாயகனை வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டு, கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள்! கண்றாவி என்று கத்தினேன். ரூமில் கூட இருக்கும் ராபின் சிரித்தான்: "அவுங்க ஊர்ல லவ்வரயும் அப்டித்தான் கூப்புடுவாங்கோ."

அதிலிருந்து மண்டை குழம்பிக் கிடக்கிறது. கம்பெனியில் பக்கத்து மெஷினில் நின்றுகொண்டு நீயும் என்னை அப்படித்தானே கூப்பிட்டாய்? நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் சொல்லிவிடு. அது நம்ம ஊர் அண்ணாவா, அந்த ஊர் அண்ணாவா?

இப்படிக்கு,
அண்ணன் என்று எழுதி அடித்துவிட்ட நான்