குழாயோடு ஒரு குடித்தனம்

மார்ச் 4

அன்புள்ள கோபக்காரிக்கு,

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது கிழித்துப் போடாமல் படி. என் பிளம்பர் சாமான் வைக்கவே அறையில் இடமில்லை, உன் செடிகளைத் தூக்கு என்றேன். “அப்ப குழாயையே கட்டிக்கிட்டுக் குடித்தனம் பண்ணுங்க” என்று அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். அதைத்தான் பண்ணுகிறேன். என் சாமானெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. அறை முழுக்க உன் ஸ்ட்ராபெர்ரிக் குழாய்கள்தான். மண்ணே இல்லாமல், ஓடும் தண்ணீரில் செடி வளர்வதை இன்னும் நம்ப முடியவில்லை.

சுவரில் நீ எழுதி ஒட்டியபடி வாரம் ஒரு மூடி உரம் ஊற்றினேன். இலை ஓரமெல்லாம் கருகுகிறது. உன் கோபம் செடிக்கும் தொற்றிக்கொண்டதா?

இப்படிக்கு,
குழாயைக் கட்டிக்கொண்டவன்

மார்ச் 9

குழாய்க்காரருக்கு,

அன்பெல்லாம் பிறகு. எந்த மூடி? உர பாட்டில் மூடியா, உங்கள் டிபன் டப்பா மூடியா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சு, உரம் எம்மாத்திரம்? தொட்டியைக் காலி செய்துவிட்டு வெறும் தண்ணீரை ஓட விடுங்கள். குருத்து பச்சையாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் தேனீ வராது. பூ விட்டதும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றின் நடுவிலும் தடவ வேண்டும்.

செடிக்காக மட்டும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
செடிக்குச் சொந்தக்காரி

ஏப்ரல் 14

அன்புள்ள சொந்தக்காரிக்கு,

டிபன் டப்பா மூடிதான். செடிகள் பிழைத்துப் பூவும் விட்டன. மெல்லிய பிரஷ்ஷுக்கு எங்கே போவேன்? சவரம் செய்யும் பிரஷ்ஷால் தடவினேன். கூட வேலை பார்ப்பவன் வந்து பார்த்துவிட்டு, “என்னண்ணே, பூவுக்கு ஷேவிங்கா?” என்றான். இரண்டு பூ உதிர்ந்தது. மற்றதெல்லாம் காய்த்து, இப்போது ஒன்றிரண்டு சிவக்கத் தொடங்கியிருக்கிறது.

பறித்து அனுப்பட்டுமா, இல்லை நீயே வருகிறாயா? எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

இப்படிக்கு,
அவன்தான்

ஏப்ரல் 18

அன்புள்ள உங்களுக்கு,

ஷேவிங் கதையைப் படித்து அக்காவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “இன்னும் எதுக்குடி இங்க உக்காந்திருக்கே?” என்கிறாள் அக்கா. அறையை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதற்காக மனம் இளகவில்லை. தெரியாத வேலையை என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தீர்களே, அதற்காகத்தான்.

பழத்தைப் பறிக்காதீர்கள். பறித்த பிறகு ஸ்ட்ராபெர்ரியில் இனிப்பு ஏறாது. செடியிலேயே பழுக்க வேண்டும். சனிக்கிழமை நானே வந்து பறிக்கிறேன். அதற்குள் ஒன்றையாவது வாயில் போட்டீர்களோ, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி