ஷிப்ட் என்று சொல்லிப் போன மலை

அண்ணை,

இன்று லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டில் மாடிப்படிக்குக் கீழிருந்த அலுமாரியை ஒதுக்கித் துப்புரவாக்கினோம். பழைய குடைகளுக்குப் பின்னால், பனியில் வழுக்காமலிருக்க நீங்கள் சப்பாத்துக்கு அடியில் கட்டுகிற இரும்பு முட்கள் கிடந்தன. நீங்கள் பூசிய எண்ணெய் இன்னும் மணந்தது. இத்தனை காலமும் அவை உங்களோடு பள்ளத்தில் விழுந்துவிட்டன என்றே நினைத்திருந்தோம். மச்சாள் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஒரு கோடையில் நீங்களும் நானும் ஸ்னோடன் மலை ஏறினோம், அடுத்த கோடையில் ஸ்காஃபெல். விமான நிலையத்தில் பெட்டி தூக்கிக் களைத்து வருகிற நீங்கள், கல்லைக் கண்டதும் ஆடுபோலத் தாவினீர்கள். உச்சியில் பாணும் சம்பலும் தின்றபடி, "இஞ்சை ஒருத்தரும் அடையாள அட்டை கேக்க மாட்டினம்" என்று சிரித்தீர்கள்.

பிறகு பனிக்காலத்தில் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலை ஏற ஆசைப்பட்டீர்கள். மச்சாளின் வயிற்றில் அப்போது உங்கள் பிள்ளை.

"பிள்ளை பிறக்கட்டும். பிறகு எங்கையெண்டாலும் போங்கோ" என்றார்.

"ஓம், சத்தியமாப் போகமாட்டன்" என்றீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த மாதமே, இரட்டை ஷிப்ட் என்று சொல்லிவிட்டு, வேலைப் பையோடு ஸ்கொட்லாந்துக்கு ரயில் ஏறினீர்கள். முட்களைப் பையில் வைத்தால் மச்சாளுக்குப் பிடிபட்டுவிடும். அதற்காக வெறும் சப்பாத்தோடு ஐஸில் ஏறியிருக்கிறீர்கள். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக, அண்ணை. ஷெல்லுக்கும் ஆமிக்கும் தப்பி வந்த நீங்கள், யாரும் துரத்தாத இடத்தில் வழுக்கி விழுந்து செத்தீர்கள்.

செத்தவீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். "விதியில்லை, கொழுப்பு" என்றேன். பெரியம்மா என் வாயைப் பொத்தினார்.

உங்கள் முகம் பாராமல் பிறந்த மகள் போன கிழமை கேட்டாள்: "மாமி, அப்பாவுக்கு எங்களைவிட மலையோ விருப்பம்?" நீங்கள் சொல்லவேண்டிய பதிலை என்னிடம் கேட்கிறாள்.

நான் மலையை விடவில்லை. சென்ற மாசியில் பென் நெவிஸ் போனேன். உச்சிக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில் முகில் மூடத் தொடங்கியது. திரும்பினேன். கூட வந்த சிநேகிதிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்தானே, ஏன்?"

"வீட்டை திரும்பி வாறனெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

இறங்குகிற வழியெல்லாம் மனதுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். பனியில் காலைப் பார்த்து வைக்கச் சொல்வது அதுதான்.