வீடு பார்க்க வந்தவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் இங்கே சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், நம்பப் பார்க்கிறேன். நேற்றுத்தானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். கடிதம் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாது. உனக்காகவே எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மேலாளர் அறைக்குள் போனால் இன்னும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். பக்கத்து மேசைக்காரி எனக்கு 'வாயில்லாப் பூச்சி' என்று பேர் வைத்திருக்கிறாள். வாயில்லாமலே இருந்திருக்கலாம் அம்மா.

இங்கே சபையில் என்னைத் தரும காரியக் குழுவில் சேர்த்துக்கொண்ட செய்தியை நீ தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாயாம். வாங்கின கையே கொடுக்கிற கையாயிடுச்சு என்று தண்ணீர்க் குழாயடியில் நீ பெருமையடித்ததைத் தங்கச்சி சொன்னாள். அதனால்தான் இதை உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

உதவி கேட்டு மனுக் கொடுத்தவர்களின் வீட்டைப் போய்ப் பார்ப்பது இந்தக் குழுவின் வழக்கம். அங்கே நம் வீட்டுக்கும் வந்தார்களே, அதே மாதிரிதான். ஜெபம் பண்ண வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது குழுவில் ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க. நான் அதிகம் பேசாதவள், கூர்ந்து பார்ப்பவள் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானும் ஏதோ பதவி கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு லோடுமேன் வீட்டுக்குப் போனோம். மூட்டை சரிந்து முதுகில் விழுந்து, மனிதர் எழுந்து உட்காரவே மாதங்கள் ஆகுமாம். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கழிவறை கழுவுகிறார். மாதக் கடைசிக்குள் வாடகை கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் வீட்டுச் சொந்தக்காரர். கணவர் எழுந்து நடக்கும்வரை வாடகைக்கு உதவி வேண்டும், அவ்வளவுதான் மனு. மாடிப்படி ஓரத்து ஒற்றை அறை. இருந்த ஒரே நாற்காலியைக் கையாலேயே துடைத்துப் போட்டார் அந்த அக்கா. குழுத் தலைவரான இரும்புக்கடைக்காரர் அதில் உட்கார்ந்து ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

ஒரு மூலையில் துணிக்குவியல். துவைக்கப் போட்டதென்றால் கீழே கிடக்கும். இது ஒரு பலகைமேல் சதுரமாக நின்றது. கட்டிலில் படுத்திருந்தவரின் தலையணை வாசல் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கமும் இல்லை. அந்தத் துணிக்குவியலைப் பார்த்தபடி இருந்தது. எந்த மனிதனாவது நாளெல்லாம் துணிக்குவியலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பானா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அம்மா. உன் ஞாபகம் வந்தது. என் பள்ளிக் கட்டணத்துக்காக நம் வீடு பார்க்க வந்தார்களே, அன்றைக்கு நீ ரேடியோவைக் காலி டிரம்முக்குள் இறக்கினாய், நிறுத்த மறந்துபோனாய். ஜெபத்தின் நடுவில் டிரம் பாட ஆரம்பித்தது. நீ சட்டென்று அதைவிடச் சத்தமாக ஒரு கீர்த்தனையை எடுத்தாய். வந்தவர்களும் பக்திப் பரவசத்தில் சேர்ந்து பாடினார்கள். சுருதி சேராமல் மூன்று சரணமும் பாடி முடித்து, இந்த வீட்டில் ஆவியானவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ கதவைச் சாத்திக்கொண்டு, ஆவியானவர் இல்லடி, நேயர் விருப்பம் என்றாய். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புத்தான் என் முகத்தில் வந்தது. குழுவில் பேங்க் ஆன்ட்டி என்று ஒருவர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். படி இறங்கும்போது, என்னம்மா உனக்குள்ளேயே சிரிச்சுக்கறே, எங்களுக்கும் சொல்லேன் என்றார். வகுப்பில் கேள்வி கேட்டால் எனக்கு எப்போதாவதுதான் பதில் தெரியும், தெரிந்தால் உடனே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தில், துணிக்குப் பின்னாடி டிவி இருக்கு ஆன்ட்டி என்று சொல்லிவிட்டேன். சபாஷ் என்று முதுகில் தட்டினார். ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரும்புக்கடைக்காரர் திரும்ப மேலே ஏறிப்போய்த் துணியை விலக்கினார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். திறந்த கதவு வழியே தெரிந்தது, அந்த அக்கா விழுந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

சபைக்குத் திரும்பி வந்து தேநீர் குடித்துக்கொண்டே பேசினார்கள். உழைக்காதவன் சாப்பிடக் கூடாதுன்னு வேதத்துல பவுலே சொல்லியிருக்காரு, டிவி பாக்குறதும் உழைப்பா என்றார் இரும்புக்கடைக்காரர். முதுகு உடைந்தவன் எப்படி உழைப்பான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழைக்குக் கொடுக்கிறது கர்த்தருக்குக் கடன் கொடுக்கிற மாதிரி, கடன்னா விசாரிக்காம கொடுக்க முடியுமா என்றார் பேங்க் ஆன்ட்டி. கேட்கிறவனுக்குக் கொடுன்னு இருக்கு, துணியைத் தூக்கிப் பாத்துட்டுக் கொடுன்னு இல்லையே என்று போதகர் மட்டும் மெதுவாகச் சொன்னார். ஐயா, அது பிரசங்கத்துக்குச் சரி, இது நிர்வாகம் என்று இரும்புக்கடைக்காரர் சொன்னதும் போதகர் தேநீரை ஆற்ற ஆரம்பித்துவிட்டார். மனுவைத் தள்ளிவிடலாம், வரும் ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று கலைந்தார்கள்.

அன்று முழுக்க வேதத்தைப் புரட்டினேன். இயேசு எந்த ஏழையின் வீட்டுக்காவது போய் மூலை முடுக்கெல்லாம் பார்த்தாரா என்று தேடினேன். கிடைக்கவில்லை. உன்னிடம் இருப்பதை விற்றுவிட்டு வா என்று அவர் சொன்னது பணக்கார வாலிபனிடம்தான். நாங்கள் ஒரு வீட்டுக்குப் போகும்போது இரும்புக்கடைக்காரர் தன் காரைத் துணி போட்டு மூடிவிட்டா வருகிறார்? இதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது. தோன்றி என்ன செய்ய, காட்டிக் கொடுத்தது அவர் இல்லையே. அவருக்குத் துணிக்குவியல் துணிக்குவியலாகத்தான் தெரிந்திருக்கும். நம் வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் அதன் பின்னால் இருப்பது தெரியும்.

மனசு கேட்காமல், வேலை முடிந்து ஒரு மாலை தனியாக அங்கே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். கதவைத் தட்டினேன். உள்ளே அவசரமாக எதையோ தரையில் தள்ளும் சத்தம். பிறகு கதவு திறந்தது. வாங்கம்மா, வாங்க என்றார் அந்த அக்கா. பலகை காலியாக இருந்தது. டிவியை வித்துட்டோம்மா, எழுதிக்கோங்க என்றார். என் கையில் பேனாகூட இல்லை. அறை முழுக்க முட்டை பொரித்த வாசனை. படுத்திருந்தவரின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் என்னையே பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தட்டின் விளிம்பு தெரிந்தது.

ஒரு முட்டை அம்மா. அதை என்னிடமிருந்து ஒளித்தார்கள்.

கொண்டுபோன வார்த்தையெல்லாம் மறந்துவிட்டது. நான் நின்றால் அவர் விழுங்க மாட்டார் என்று மட்டும் தெரிந்தது. சும்மாதான் வந்தேன் அக்கா என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து பேசப் போகிறேன். அதற்குத்தான் உன் சம்மதம் கேட்டு எழுதுகிறேன். வேத வசனம் பேசினால் அவர்கள் பத்து வசனம் திருப்பிச் சொல்வார்கள். என்னிடம் இருக்கும் ஒரே பதில் அந்த ரேடியோதான். அன்றைக்கு யாராவது டிரம்மின் மூடியைத் திறந்திருந்தால் நான் படித்திருக்க மாட்டேன், இந்தக் குழுவில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் உன் மானம் போகும் என்று தெரியும். அங்கே உள்ள சபைக்கும் செய்தி போகும். ஏமாற்றி வாங்கினவள் என்று உன்னைப் பேசுவார்கள். கடிதம் கிடைத்ததும் இதற்கு மட்டும் போனில் சொல்லிவிடு; வேண்டாம் என்று நீ சொன்னால், எனக்குத் தெரிந்த ஒரு வீடு என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பேசாமல் இருக்கமாட்டேன். அப்படிச் சொல்லும்போது என் முகமே காட்டிக் கொடுத்துவிடும், அதற்கு என்னைத் திட்டாதே.

இன்னொன்று. போனில் பேசும்போது நடுநடுவே போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறாய். தங்கச்சியைக் கேட்டால் அவளும் பேச்சை மாற்றுகிறாள். அது என்ன இருமல், எத்தனை நாளாக, டாக்டர் என்ன சொன்னார் என்று பதில் எழுது. பாட்டுப் பாடி மறைக்காதே. நான் வீடு பார்க்க வந்தவள் இல்லை அம்மா, அந்த வீட்டுப் பிள்ளை.

உன்னையும் தங்கச்சியையும் கர்த்தர் காப்பாராக. கண்ணைத் திறந்து வைத்திருப்பவர் அவர் ஒருவராகவே இருக்கட்டும்.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும்,
உன் மூத்த மகள்