மாமாவின் உர வாளி

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே வீடு ஓடுகிறது. நானும் கூடவே ஓடுகிறேன். சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது. நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இதை நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் ஒற்றை அறையில் போன் பேசினால் மாமா காதில் விழும், கடையிலிருந்து பேசினால் அழுதுவிடுவேன்.

நீங்கள் வெளிநாடு போனதிலிருந்து பால்கனி உங்கள் அப்பாவின் ராஜ்யம். ஒரு ஆள் திரும்ப முடியாத இடத்தில், உரம் தயாரிக்க ஓட்டை போட்ட இரண்டு வாளிகள். காய்த்தோல், முட்டை ஓடு, டீத்தூள் எல்லாம் அதில்தான் போக வேண்டும். மேலே தச்சர் கடை மரத்தூள் ஒரு கை. சமைத்தது ஒரு பருக்கைகூட விழக்கூடாது, நாறும் என்று அவர் போட்ட சட்டம். ஒருமுறை தட்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டு நான் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். துணி காயப்போட இடமில்லை என்று முணுமுணுத்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

இந்த மாதம் வாளி நாற ஆரம்பித்தது. கீழ் வீட்டு டீச்சர் ஏறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டே சண்டை போட்டார். எங்கள் வாளி நாறவே நாறாது என்று நானும் மல்லுக்கு நின்றேன். அந்தம்மா போனபிறகு எனக்கே குமட்டியது. வேலைக்குப் போய்வந்த அலுப்பு வேறு. மாமா மரத்தூள் வாங்கப் போயிருந்தார். இன்றோடு இதைத் தலைமுழுகிவிடலாம் என்று கம்பை எடுத்துக் கிளறினேன்.

உள்ளே சோறு. மரத்தூள் ஒரு அடுக்கு, சோறு ஒரு அடுக்கு. நான் காலையில் மூடி வைத்துவிட்டுப் போகிற மதியச் சாப்பாடு, பிசைந்தது பிசைந்தபடி கிடந்தது.

அவர் வந்ததும், என் சமையல் பிடிக்கவில்லையா என்றுதான் முதலில் கத்தினேன், புத்திகெட்டவள். தலையைக் குனிந்துகொண்டார். தொண்டையில் அடைக்கிறதாம், கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்குவதில்லையாம். குப்பைக்கூடையில் போட்டால் நான் பார்த்துவிடுவேனாம். "அவனுக்குச் சொல்லிராதம்மா. பாதியில வந்தா அப்புறம் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார். இரவில் கஞ்சி போதும் என்பார், வயசாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். சட்டைக்குள் மனிதர் இவ்வளவு இளைத்ததை ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் பார்க்கவில்லை.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மகன் எங்கே இருக்கிறார் என்று என்னிடம் கேட்டார். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பயமாக இருக்கிறதுங்க. வேலை போனால் போகட்டும் என்று சுலபமாக எழுதிவிட முடியாது, தெரியும். ஆனாலும் வாருங்கள். உங்களுக்குச் சொல்லவே மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் கம்பெனியே லீவு கொடுத்தது, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லுங்கள். கதவைத் திறக்கும்போது அவர் இருக்கிற இருப்பைப் பார்த்து எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வாருங்கள்.

உங்களையே நம்பியிருக்கும்,
மனைவி